டைம்ஷேர் ஹாலிடே மெம்பர்ஷிப்: வாங்குவது லாபமா, தேவைப்படும்போது ரூம் எடுப்பது லாபமா? தேனி மக்களுக்கு ஒரு முழு கணக்கு

"சார், நீங்க லக்கி டிராவில் செலக்ட் ஆகியிருக்கீங்க. மூணு நாள் ரிசார்ட் ஸ்டே இலவசம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோட மதுரை வந்து கிஃப்ட்டை வாங்கிக்கோங்க."

தேனி, பெரியகுளம், போடி, கம்பம் பக்கம் இருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு போன் வந்திருக்கும். ஷாப்பிங் மாலிலோ, பொருட்காட்சியிலோ, பெட்ரோல் பங்க்கிலோ எப்போதோ நிரப்பிக் கொடுத்த கூப்பன்தான் அதற்குக் காரணமாக இருக்கும். போய் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். முடிவில் மேஜை மீது ஒரு ஒப்பந்தப் படிவம் இருக்கும். சில லட்சம் ரூபாய், 25 ஆண்டுகள், வருடத்துக்கு 7 இரவுகள்.

இதற்குப் பெயர்தான் டைம்ஷேர். இந்தியாவில் பெரும்பாலும் 'ஹாலிடே மெம்பர்ஷிப்', 'வெகேஷன் ஓனர்ஷிப்' என்ற பெயர்களில் விற்கப்படுகிறது. இது மோசடி அல்ல, சட்டப்படியான வியாபாரம்தான். ஆனால் எல்லா குடும்பத்துக்கும் பொருந்தாது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? மூணாறும் தேக்கடியும் கொடைக்கானலும் பக்கத்திலேயே இருக்கும் தேனிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் மாறுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

டைம்ஷேர் என்றால் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பங்குக் கிணறு தெரியும் இல்லையா? ஒரே கிணறு, நாலு பங்காளிகள். ஆளுக்கு இத்தனை நாள் முறை. உங்கள் முறை வரும்போது மோட்டாரை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

டைம்ஷேரும் அதே மாதிரிதான். ஒரு ரிசார்ட் அறையைப் பல குடும்பங்கள் ஆண்டு முழுவதும் முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு வாரம்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பங்குக் கிணற்றில் உங்கள் பங்கு பத்திரத்தில் இருக்கும். அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இந்தியாவில் விற்கப்படும் ஹாலிடே மெம்பர்ஷிப்பில் உங்களுக்குக் கிடைப்பது 'முறை' மட்டும்தான். கிணற்றில் பங்கு கிடையாது. அதாவது, அறையைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பத்திரப் பதிவு, பட்டா, வில்லங்கச் சான்று எதுவும் இதில் வராது. 25 ஆண்டுகள் முடிந்தால் உரிமையும் முடிந்துவிடும். 'ஓனர்ஷிப்' என்ற வார்த்தையைக் கேட்டு சொத்து வாங்குகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இது எங்கே தொடங்கியது?

இந்த யோசனை பிறந்ததே பனிமலையில்தான். 1960-களில் பிரான்ஸ் நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு பனிச்சறுக்கு ரிசார்ட்டில் இந்த முறை அறிமுகமானது. பனிச்சறுக்கு சீசனில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் அதிகம். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் வந்து போகிறவர்களுக்குத் தனி வீடு வாங்குவதும் வீண். எனவே 'ஒரு வாரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார்கள். பிறகு அமெரிக்கா உட்பட உலகம் முழுவதும் பரவியது.

இந்தியாவில் 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் இந்த வியாபாரத்தைப் பிரபலமாக்கியது. அதன் ஆரம்பகால ரிசார்ட்டுகள் அமைந்த இடம், நம் பக்கத்து மலையான கொடைக்கானல். 2014-ல் அந்த நிறுவனத்தை தாமஸ் குக் இந்தியா வாங்கியது. 1996-ல் மஹிந்திரா குழுமம் 'கிளப் மஹிந்திரா' என்ற பெயரில் இந்தத் துறைக்குள் வந்தது. அதன் ஆரம்பகால ரிசார்ட்டும் நம் பக்கத்தில்தான், மூணாறில்.

இந்தியாவில் டைம்ஷேர் வேரூன்றிய இரண்டு மலைகளுமே தேனியிலிருந்து காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியவை. இந்த விஷயம் கணக்கில் பின்னால் முக்கியமாக வரும்.

பணம் எப்படியெல்லாம் போகும்?

விற்பனை மேஜையில் பெரிதாகச் சொல்லப்படுவது மெம்பர்ஷிப் விலை மட்டும்தான். உண்மையில் செலவு ஐந்து வகை.

• மெம்பர்ஷிப் கட்டணம்: ஒரே தடவை கட்டுவது. எந்த சீசன், எவ்வளவு பெரிய அறை என்பதைப் பொறுத்து விலை மாறும். இதற்கு 18% ஜிஎஸ்டி உண்டு. சொல்லப்படும் விலை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று கேளுங்கள்.

• ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்: வருடா வருடம் கட்ட வேண்டும். அந்த வருடம் நீங்கள் எங்கேயும் போகவில்லை என்றாலும் பொதுவாகக் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் புக்கிங் கிடைக்காது. விலைவாசியோடு சேர்ந்து இதுவும் ஏறும்.

• இஎம்ஐ வட்டி: தவணையில் வாங்கினால்.

• சாப்பாடு, சுற்றிப் பார்க்கும் செலவு: மெம்பர்ஷிப்பில் கிடைப்பது அறை மட்டும். ரிசார்ட் ரெஸ்டாரண்டில் நாலு பேர் ஒரு வாரம் சாப்பிட்டால் தனி பில்.

• பயணச் செலவு: ரயில், விமானம், கார் எல்லாமே உங்கள் கையிலிருந்து.

வேறு நிறுவனத்தின் ரிசார்ட்டிலோ வெளிநாட்டிலோ தங்க வேண்டும் என்றால் 'எக்ஸ்சேஞ்ச்' நிறுவனம் வழியாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

சீசன் கலர் என்பது என்ன?

ஒரு வருடத்தை நிறங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். உதாரணமாக, கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நான்கு நிறங்கள். பர்ப்பிள்தான் உச்ச சீசன், விலையும் அதிகம். பர்ப்பிள் வைத்திருப்பவர் எந்த சீசனிலும் புக் செய்யலாம். ப்ளூ வைத்திருப்பவர் கூட்டம் குறைந்த காலத்தில் மட்டும்தான் போக முடியும். ஒரே ஊருக்கே மாதத்துக்கு மாதம் நிறம் மாறும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'விலை குறைவா இருக்கே' என்று ப்ளூவோ ஒயிட்டோ வாங்கிவிடுவார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். லீவு கிடைப்பது ஏப்ரல் கடைசி, மே, காலாண்டு, அரையாண்டு. ஊட்டி, மணாலி மாதிரி ஊர்களுக்கு அந்த நாட்களெல்லாம் உச்ச சீசன். கையில் மெம்பர்ஷிப் இருக்கும், போக வழி இருக்காது.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போமா?

கீழே உள்ள தொகைகள் எந்த ஒரு நிறுவனத்தின் விலையும் அல்ல. கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் உதாரணம். உங்களிடம் சொல்லப்பட்ட விலையை இதே இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

• மெம்பர்ஷிப்: வரியோடு ₹4 லட்சம், 25 ஆண்டுகள், வருடத்துக்கு 7 இரவுகள்
• ஆண்டுக் கட்டணம்: ₹18,000, வருடம் 6% ஏறும்
• அதே தரத்தில் ஹோட்டல் அறை: ஓர் இரவுக்கு வரியோடு ₹6,000, இதுவும் வருடம் 6% ஏறும்
• வங்கி எஃப்.டி. வட்டி: 7%

முதலில் ₹4 லட்சத்தைப் பார்ப்போம். 'நாலு லட்சத்தை 175 இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு ₹2,286-தான்' என்று விற்பனையாளர் சொல்வார். இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. ஆண்டுக் கட்டணம் அதில் சேரவில்லை. பணத்துக்கு வட்டி உண்டு என்பதும் சேரவில்லை.

அதே ₹4 லட்சத்தை 7% வட்டியில் போட்டு, 25 வருடத்தில் அசலும் வட்டியும் தீர்ந்து போகிற மாதிரி எடுத்துக்கொண்டே வந்தால், வருடத்துக்குச் சுமார் ₹34,300 கிடைக்கும். அதோடு ஆண்டுக் கட்டணம் ₹18,000. ஆக, முதல் வருடம் உங்கள் உண்மையான செலவு ₹52,300. ஏழு இரவும் தங்கினால் ஓர் இரவுக்குச் சுமார் ₹7,470. ஹோட்டலில் ₹6,000-தான். முதல் வருடம் மெம்பருக்குத்தான் அதிகச் செலவு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஹோட்டல் வாடகை வருடா வருடம் ஏறும். மெம்பருக்கு ₹34,300 என்ற பகுதி ஏறாது, ஆண்டுக் கட்டணம் மட்டும்தான் ஏறும். எனவே எட்டாவது வருடத்திலிருந்து மெம்பரின் செலவு ஹோட்டலை விடக் குறைகிறது. 'விலைவாசியிலிருந்து பாதுகாப்பு' என்று விற்பனையாளர் சொல்வதில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

25 வருடத்துக்கும் சேர்த்து, இன்றைய பணத்தில் எவ்வளவு ஆகிறது? அதாவது, இன்று எவ்வளவு தொகையை 7% வட்டியில் ஒதுக்கி வைத்தால் அத்தனை வருடச் செலவையும் சமாளிக்கலாம்?

• மெம்பர்ஷிப் வாங்கினால்: சுமார் ₹7.77 லட்சம் (எத்தனை இரவு தங்கினாலும் இதே செலவு)
• ஹோட்டலில் வருடத்துக்கு 7 இரவு: சுமார் ₹8.79 லட்சம்
• ஹோட்டலில் 6 இரவு: சுமார் ₹7.53 லட்சம்
• ஹோட்டலில் 5 இரவு: சுமார் ₹6.28 லட்சம்
• ஹோட்டலில் 4 இரவு: சுமார் ₹5.02 லட்சம்

இதிலிருந்து தெரிவது என்ன? 25 வருடமும், ஒரு வருடம்கூட விடாமல், ஏழு இரவும் தங்கினால் மெம்பருக்கு சுமார் ₹1 லட்சம் லாபம். ஆறு இரவு என்றால் ஏறக்குறைய சமம், கொஞ்சம் நஷ்டம். ஐந்து இரவுதான் போக முடிகிறது என்றால் ஒன்றரை லட்சம் நஷ்டம். நாலு இரவு என்றால் இரண்டே முக்கால் லட்சம் நஷ்டம்.

ஹோட்டல் வாடகையை மாற்றினால் முடிவும் மாறும். நீங்கள் வழக்கமாகத் தங்குவது ஓர் இரவுக்கு ₹9,000 அறை என்றால், வருடத்துக்கு ஐந்து இரவு போனாலே மெம்பர்ஷிப் லாபம். ₹3,000 அறையே போதும் என்கிற குடும்பத்துக்கு ஏழு இரவு போனாலும் லாபம் வராது. ஆகவே 'ரிசார்ட் அறை ₹12,000 மதிப்பு சார்' என்று விற்பனையாளர் சொல்லும் தொகையை வைத்துக் கணக்கு போடாதீர்கள். நீங்கள் கையிலிருந்து கொடுக்கத் தயாராக இருக்கும் வாடகையை வைத்துப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு ₹7,500 வரையிலான ஹோட்டல் அறைக்கு ஜிஎஸ்டி 5%-தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இஎம்ஐ-யில் வாங்கினால்?

₹60,000 முன்பணம் கட்டி, மீதி ₹3.4 லட்சத்தை 15% வட்டியில் 48 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் ₹9,460. வட்டி மட்டும் ₹1.14 லட்சம். ஏழு இரவும் போனால் கிடைக்கும் லாபத்தில் ஏறக்குறைய பாதியை வட்டியே தின்றுவிடும். 'ஜீரோ வட்டி' என்றால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் மறைந்திருக்கும் வட்டி.

தேனிக்காரர்களுக்கு கணக்கு ஏன் மாறுகிறது?

முதல் காரணம், தூரம். சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பவருக்கு மூணாறு, தேக்கடி, கொடைக்கானல் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை போகிற ஊர். அவர் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். போடியில் இருப்பவர் போடிமெட்டு வழியாக மூணாறு போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்கலாம். கம்பத்தில் இருப்பவருக்கு குமுளி கூப்பிடு தூரம். மேகமலை, சுருளி, கும்பக்கரை எல்லாம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. மெம்பர்ஷிப்பின் பெரிய கவர்ச்சியான மூன்று மலைகளில் தங்குவதற்கு நமக்கு ஏழு இரவு தேவையே இல்லை. அப்படியானால் இந்த மெம்பர்ஷிப் பயன்பட வேண்டும் என்றால் நீங்கள் கோவா, ராஜஸ்தான், மணாலி என்று தூரம் போகிறவராக இருக்க வேண்டும். அங்கே அறை வாடகையை விடப் பயணச் செலவுதான் பெரியது.

இரண்டாவது காரணம், வேலைக் காலம். இங்கே பல குடும்பங்களின் நாள்காட்டியைத் தீர்மானிப்பது ஆபீஸ் லீவு அல்ல, வெள்ளாமை. முல்லைப் பெரியாறு தண்ணீர் ஜூனில் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போக நெல் வேலை தொடங்கிவிடும். இடுக்கி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை இழுக்கும். போடி ஏலத்தில் விலை ஏறுகிற வாரத்தில் யாராவது ஊர் சுற்றப் போவார்களா? பன்னீர் திராட்சை போட்டிருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை. மழை வந்தால் ஓடிப் போய்ப் பழத்தைப் பார்க்க வேண்டும். சித்திரையில் வீரபாண்டி திருவிழா. அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

டைம்ஷேர் ரிசார்ட்டில் உச்ச சீசன் அறை வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். 'அடுத்த மே மாதம் 10-ம் தேதி நான் மணாலியில் இருப்பேன்' என்று மாதச் சம்பளக்காரர் சொல்லலாம். தோட்டக்காரர் சொல்வது கஷ்டம். திடீரென்று கிடைக்கும் மூன்று நாள் ஓய்வில் போகிறவருக்கு ஹோட்டல்தான் வசதி.

மூன்றாவது, மெம்பர்ஷிப் இருந்தாலும் ஊருக்குள் நுழையும் விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பனிச்சறுக்குக்குப் போக ஆசையா?

'காஷ்மீர், மணாலி போய் பனியில் விளையாடலாம்' என்பது விற்பனை மேஜையில் அடிக்கடி வரும் வாக்கியம். இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர் போன இடங்கள் காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி, மணாலிக்கு அருகே உள்ள சோலாங் பள்ளத்தாக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் சீசன்.

இதற்காக மட்டும் மெம்பர்ஷிப் வாங்கலாமா? வேண்டாம். மூன்று காரணங்கள்.

ஒன்று, ஜனவரி, பிப்ரவரியில் நம் பிள்ளைகளுக்கு லீவு கிடையாது. பொதுத் தேர்வு நெருங்கும் நேரம்.

இரண்டு, பனி எப்போது விழும் என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க் மலை பனியில்லாமல் வெறிச்சோடிக் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப் போயின. முன்கூட்டியே வாரத்தைப் பூட்டி வைத்தவருக்கு அந்த வாரத்தில் பனி இல்லாவிட்டால் போனது போனதுதான். ஹோட்டல் புக் செய்பவர் வானிலையைப் பார்த்து, கேன்சல் செய்யக்கூடிய அறையாக எடுக்கலாம்.

மூன்று, செலவில் அறையின் பங்கு சின்னது. மதுரையிலிருந்து ஸ்ரீநகர் வரை நாலு பேருக்கு விமானம் மாறிப் போய்வரும் செலவு, குளிர் உடை, பனிச்சறுக்குக் கட்டை வாடகை, பயிற்சியாளர் கட்டணம் என்று மற்றவை பெரியவை. வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோ போகும் பயணத்துக்கு 25 வருட ஒப்பந்தம் தேவையில்லை.

அப்படியானால் யார் வாங்கலாம்?

இந்த ஐந்துக்கும் 'ஆமாம்' என்று சொல்ல முடிந்தால் யோசிக்கலாம்.

• கடந்த ஐந்து வருடமும், ஒவ்வொரு வருடமும் குறைந்தது ஆறு, ஏழு இரவு வெளியூரில் சுற்றுலாவுக்காகத் தங்கியிருக்கிறீர்களா? (இனிமேல் போவோம் என்பது கணக்கில் வராது.)
• வழக்கமாக ₹6,000-க்கு மேல் உள்ள அறையில்தான் தங்குகிறீர்களா?
• பயணத்தைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்ய முடியுமா?
• இஎம்ஐ இல்லாமல், அவசர நிதியைத் தொடாமல் கட்ட முடியுமா?
• அடுத்த 25 வருடத்தில் உங்கள் வயது, பெற்றோர் உடல்நிலை, பிள்ளைகள் படிப்பு இவையெல்லாம் இடம் கொடுக்குமா? 40 வயதில் வாங்கினால் 65 வரை ஓட வேண்டும்.

தாத்தா, பாட்டியோடு ஆறு பேர் போகிற கூட்டுக் குடும்பத்துக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஹால், சமையலறையோடு கூடிய பெரிய அபார்ட்மென்ட் கிடைக்கும் மெம்பர்ஷிப் லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்காமலே அதே ரிசார்ட்டில் தங்க முடியுமா?

முடியும். இது பலருக்குத் தெரியாது. டைம்ஷேர் நிறுவனங்களின் பல ரிசார்ட்டுகள் மெம்பர் அல்லாதவர்களுக்கும் சாதாரண ஹோட்டல் போலவே அறை கொடுக்கின்றன. ஆன்லைன் புக்கிங் தளங்களில் விலை பார்க்கலாம். வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் மூன்று இரவு காசு கொடுத்துத் தங்கிப் பாருங்கள். அங்கே வந்திருக்கும் மெம்பர்களிடம் கேளுங்கள்: 'மே மாதம் ரூம் கிடைக்குதா? ஆண்டுக் கட்டணம் வாங்கும்போது எவ்வளவு, இப்போ எவ்வளவு?' இரண்டு மணி நேர விற்பனைப் பேச்சை விட அந்த இரண்டு பதில்கள் பயனுள்ளவை.

மெம்பராக இருக்கும் நண்பர் தன் இரவுகளை உங்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதைக் காசுக்கு விற்க சில ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. விருந்தினர் பெயரில் முறையாக புக்கிங் மாற்றப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு போங்கள். குறுகிய காலத் திட்டங்களும் சந்தையில் உண்டு. 25 வருடத்துக்கு முன் அவற்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இது முதலீடா? 'பயன்படுத்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்' என்றால்?

இல்லை. டைம்ஷேர் முதலீடு அல்ல. புது பைக் ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்குவது போல, கையெழுத்து போட்ட மறுநாளே மெம்பர்ஷிப்பின் மறுவிற்பனை விலை விழும். அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு டாலருக்கு டைம்ஷேரை விற்பனைக்குப் போடுகிறவர்கள் உண்டு.

'தங்காவிட்டால் வட்டியோடு பணம் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் ஹாலிடே மெம்பர்ஷிப் என்ற பெயரில் மக்களிடம் ₹7,000 கோடிக்கும் மேல் திரட்டியது. சுமார் 50 லட்சம் பேர் பணம் போட்டிருந்தார்கள். இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி, பணத்தைத் திருப்பித் தருமாறு 2016-ல் செபி உத்தரவிட்டது. அறை விற்கிறவர் அறைதான் தர வேண்டும். வட்டி தருகிறேன் என்றால் அது வேறு வியாபாரம்.

கையெழுத்து போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த நாட்களில் பணம் வாங்கவே கூடாது என்பதும் சட்டம். தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 10 நாள் அவகாசம். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ரத்து செய்யும் காலம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எனவே:

• ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கக் கேளுங்கள். தர மறுத்தால் வேண்டாம்.
• எத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணம் கிடைக்கும்? எந்த வரியில் எழுதியிருக்கிறது?
• ஆண்டுக் கட்டணம் ஏறுவதற்கு உச்சவரம்பு உண்டா?
• பயன்படுத்தாத இரவுகளை எத்தனை வருடம் சேர்த்து வைக்கலாம்?
• வாயால் சொன்ன இலவசங்கள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா? 'வாய்மொழி வாக்குறுதிகள் செல்லாது' என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும்.
• இஎம்ஐ கொடுப்பது அந்த நிறுவனமா, வேறு நிதி நிறுவனமா? வேறு நிறுவனம் என்றால், மெம்பர்ஷிப்பை ரத்து செய்தாலும் கடன் தானாக ரத்தாகாது.
• உறுப்பினர் இறந்தால் வாரிசுக்கு மாறுமா? மாற்றக் கட்டணம் எவ்வளவு?

'இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்' என்ற வார்த்தைக்கு ஒரே பதில்: 'நாளைக்கு யோசிச்சு சொல்றேன்.' மதுரைக்குப் போகும்போது கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவதும் நல்ல யோசனைதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், என்ன செய்வது?

வாங்கி சில நாட்கள்தான் ஆகிறது என்றால், இன்றே ஒப்பந்தத்தை எடுத்து ரத்துக் காலத்தைப் பாருங்கள். போனில் சொல்வது போதாது. மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்துக் காலம் முடிந்துவிட்டது, சொன்னபடி அறையும் கிடைக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம், தேனியிலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். புக்கிங் மறுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல், கட்டண ரசீது எல்லாவற்றையும் இப்போதிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்க மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், முதல்ல ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க' என்று போன் வந்தால் கட்டாதீர்கள். விற்பதற்கு முன் பணம் கேட்பவர் விற்றுத் தரப்போவதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ரத்து செய்யவும் முடியவில்லை, கட்டணமும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றால், அதை முழுதாகப் பயன்படுத்துவதுதான் அடுத்த வழி. அடுத்த வருட லீவுக்கு இப்போதே புக் செய்யுங்கள். உங்களால் போக முடியாத வருடத்தில் அண்ணன், தங்கை குடும்பத்தை அனுப்புங்கள். பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு இரவும் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இரவு.

சுருக்கமாகச் சொன்னால்

வருடம் தவறாமல் ஒரு வாரம் தூர ஊருக்குப் போகிற, தேதியை முன்பே சொல்ல முடிகிற, கடன் வாங்காமல் கட்ட முடிகிற குடும்பத்துக்கு டைம்ஷேர் லாபமாக இருக்கலாம். தேனி, கம்பம் பக்கம் வெள்ளாமையும் வியாபாரமும் பார்க்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு, போக முடிகிறபோது ரூம் எடுப்பதே சிக்கனம். அந்த ₹4 லட்சத்தை 7% எஃப்.டி.யில் போட்டால் வருடத்துக்கு ₹28,000 வட்டி வரும். அந்த வட்டியிலேயே வருடத்துக்கு நாலு இரவு நல்ல ஹோட்டலில் தங்கலாம். விலைவாசி ஏற ஏற இரவு குறையும். ஆனால் போகாத வருடம் வட்டி சேரும், அசல் உங்கள் பெயரிலேயே இருக்கும்.